பக்கத்துச் செல்லின் தீர்ப்பு

(மண்ணூர்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு கோ-நோகோ கேஜை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. லேத்திலிருந்து இறங்கிய புஷ்ஷின் துளைக்குள் கேஜின் ஒரு முனை வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். சிவப்புக் குறியிட்ட மறுமுனை வாயிலேயே நின்றுவிட வேண்டும். சிவப்பு முனையும் உள்ளே போய்விட்டால் அந்த புஷ் ரிஜெக்ட். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லாத வித்தியாசத்தில் ஒரு பொருளின் தலையெழுத்து முடிவாகிவிடும். அப்படி முடிவு செய்ய மூன்று ஏற்பாடுகள் வேண்டும்: ஒரு டிராயிங், அதையொட்டிச் செய்த கேஜ், அந்தக் கேஜைக் கையில் பிடித்த இன்ஸ்பெக்டர்.

வளரும் கருவில் இந்த மூன்றும் கிடையாது. டி.என்.ஏ.தான் டிராயிங் என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்து விடுகிறார்கள். ஆனால் தலையில் இருக்கும் செல்லிலும் வாலில் இருக்கும் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ. "நீ நிற்க வேண்டிய இடம் இது" என்று அதில் எங்கும் எழுதியில்லை. கருவோ ஒரு நொடியும் சும்மா இருப்பதில்லை. செல்கள் பிரிகின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நகர்கின்றன, கூட்டமாகத் திசை மாறுகின்றன. இந்த நெரிசலில் தலையாக வேண்டிய பகுதியில், வாலுக்குரிய குணத்தோடு ஒரு செல் மாட்டிக்கொண்டால் அதைக் கண்டுபிடிப்பது யார்?

கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சி தரும் விடை கொஞ்சம் விசித்திரமானது. கண்டுபிடிப்பது அந்தச் செல்லின் அண்டை அயல்தான். மேலிருந்து மேற்பார்வை எதுவும் இல்லை. பக்கத்தில் இருப்பவை தங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றன. பொருந்தாததைச் சாகவோ, வெளியேறவோ, குணம் மாறவோ வைக்கின்றன. அதன் பிறகே தலை தலையாகவும் வால் வாலாகவும் உருப்பெறுகின்றன.

இதற்கான மிகத் தெளிவான சான்றைக் கொடுத்த பிராணியைப் பார்க்க மண்ணூர்பேட்டைக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். பாடி மேம்பாலத்தைத் தாண்டி ரெட்டேரி சாலையில் போனால் கொளத்தூர். வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் நாடறிந்த ஊர் அது. கண்ணாடித் தொட்டிகளில் நீலக்கோடும் வெள்ளிக்கோடும் மாறிமாறி ஓட, விரல் நீளம்கூட இல்லாத மீன்கள் கூட்டமாகத் திரியும். கடைக்காரர்கள் ஜீப்ரா என்பார்கள். காற்று நிரப்பிய பாலித்தீன் பையில் கட்டித் தருவார்கள். விலை மலிவு, சாவதும் எளிதில் கிடையாது என்பதால் புதிதாகத் தொட்டி வைக்கும் பிள்ளைகளுக்கு முதலில் வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இந்த மீனின் சொந்த ஊர் இந்தியாதான். கங்கை, பிரம்மபுத்திரா சமவெளிகளின் ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழ்வது. இதை முதலில் அறிவியல் நூலில் பதிவு செய்தவர் ஃபிரான்சிஸ் ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். கங்கை மீன்களைப் பற்றிய அவருடைய நூல் 1822இல் வெளிவந்தது. பழைய பெயர் சொன்னால் சென்னை வரலாறு படித்தவர்களுக்குச் சட்டென்று புரியும். 1800இல் மதராஸிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடக் கரை, மலபார் என்று ஊர் ஊராகக் குறிப்பெடுத்துக்கொண்டு போன ஃபிரான்சிஸ் புக்கானன்தான் அவர். பயிர், நிலம், நெசவு, மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைத்த மனிதர்.

அந்த மீனை ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஸ்ட்ரெய்சிங்கர். அவர் தொடங்கியதும் வண்ணமீன் கடையில் வாங்கிய மீன்களோடுதான். 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு உலகெங்கும் ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். காரணம் எளிது. முட்டை தாயின் உடலுக்கு வெளியே கருவுறுகிறது. குறுக்களவு சுமார் 0.7 மில்லிமீட்டர். கண்ணாடிபோல ஒளி ஊடுருவும். 28 டிகிரி வெதுவெதுப்பில் வைத்தால் ஒரே நாளில் தலை, முதுகு, வால் தெரிந்துவிடும், இதயமும் துடிக்கத் தொடங்கிவிடும். தாயின் வயிற்றுக்குள் மறைவாக நடப்பதெல்லாம் இங்கே நுண்ணோக்கியின் அடியில் வெட்டவெளிச்சமாக நடக்கிறது. தில்லியிலுள்ள சி.எஸ்.ஐ.ஆரின் மரபணுத்தொகுதி ஆய்வு நிறுவனமான ஐ.ஜி.ஐ.பி. இந்தியக் காட்டு ஜீப்ரா மீனின் மரபணுத்தொகுதியைப் படித்தறிந்ததாக 2009இல் அறிவித்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் மகேந்திர சோனாவனே குழு இதே மீனின் தோல் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்து வருகிறது.

இனி, தலை எங்கே வால் எங்கே என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது என்ற கேள்வி. 1952இல் கணினித் துறையின் முன்னோடி ஆலன் டூரிங், கருவின் உருவமைப்பை வேதிப்பொருள்களின் பரவலைக் கொண்டு விளக்க முடியும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1969இல் லூயிஸ் வோல்பர்ட், செல் தன் இடத்தை எப்படி அறிகிறது என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். ஒரு முனையிலிருந்து ஒரு பொருள் சுரந்து பரவுகிறது; முனைக்கு அருகே அதன் அடர்த்தி அதிகம், விலக விலகக் குறைவு. ஒவ்வொரு செல்லும் தன் இடத்தில் எவ்வளவு அடர்த்தி என்று உணர்ந்து, அதற்கேற்ப இன்ன பகுதியாக மாறுவது என்று முடிவெடுக்கிறது. மீன் கருவில் அப்படிப்பட்ட ஒரு செய்தியின் பெயர் விண்ட். அதன் தாக்கம் பலமாக இருக்கும் பக்கம் வால், குறைந்த பக்கம் தலை. நடுவே சீரான ஒரு சரிவு.

பாடப்புத்தகத்தில் இந்தச் சரிவு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். உண்மையான கருவில் அப்படி இல்லை. ஜப்பானில் தோரு இஷிதானியின் குழு, விண்ட் செய்தி எவ்வளவு பலமோ அவ்வளவு ஒளிரும்படி மரபணு மாற்றிய மீன் கருக்களை நுண்ணோக்கியில் கவனித்தது. யாரும் எதுவும் செய்யாமலே, சரிவின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செல்கள் தம் இடத்துக்குப் பொருந்தாமல் ஒளிர்ந்தன. இருட்டாக இருக்க வேண்டிய தலைப்பக்கம் ஒரு செல் பளிச்சென்று நிற்கும். பிரகாசமாக இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று மங்கிக் கிடக்கும். கொஞ்ச நேரத்தில் அவை சுருங்கி, துண்டுகளாக உடைந்து காணாமல் போயின. சரிவு மறுபடி சீரானது.

யூகி அகியேதா முதல் ஆசிரியராக இருக்க, 2019இல் வெளியான அந்த ஆய்வு அதோடு நிற்கவில்லை. எப்படிச் சாகின்றன என்றும் தேடியது. செல்களின் மேற்பரப்பில் காட்ஹெரின் என்ற ஒட்டுப் புரதம் உண்டு. பக்கத்துச் செல்லின் காட்ஹெரினோடு கைகோத்துத்தான் திசு பிரிந்துபோகாமல் நிற்கிறது. விண்ட் தாக்கம் மாறினால் செல்லின் மேற்பரப்பிலுள்ள காட்ஹெரின் அளவும் மாறுகிறது. ஆகவே ஒட்டிக்கொண்டிருக்கும் அதே இடத்தில், இரண்டு செல்களும் ஒன்றுக்கொன்று எவ்வளவு ஒத்திருக்கின்றன என்பதும் தெரிந்துவிடுகிறது. வேறுபாடு பெரிதானால் பொருந்தாத செல்லுக்குள் ஸ்மாட் என்ற சமிக்ஞைப் புரதங்கள் விழிக்கின்றன. தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. செல் தன்னைத்தானே கலைத்துக்கொள்கிறது. இந்தச் சாவைத் தடுத்துப் பார்த்தபோது, சரிவு கரடுமுரடாகவே நின்றது; கருவின் முன்பின் அமைப்பு குலைந்தது. 2024இல் அதே குழு, ஃபாக்ஸோ3 என்ற புரதம் இந்த நீக்கத்துக்கு இன்றியமையாதது என்று காட்டியது.

இங்கே ஒன்றை நிதானமாகக் கவனிக்க வேண்டும். செத்த செல்லுக்கு நோய் எதுவும் இல்லை. விண்ட் பலமாக இருப்பது தவறே இல்லை. வாலில் இருக்கும் செல்களெல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. அதே செல் கொஞ்சம் பின்னால் நின்றிருந்தால் பிழைத்து வாலின் ஒரு பகுதியாகியிருக்கும். குற்றம் குணத்தில் இல்லை, குணமும் இடமும் சேராததில்தான் இருக்கிறது. எஸ்டேட் கேஜுக்கும் கருவுக்கும் உள்ள பெரிய வித்தியாசமும் இதுதான். கேஜ் ஒவ்வொரு புஷ்ஷையும் தனியாக எடுத்து ஒரே அளவோடு ஒத்துப் பார்க்கிறது. கருவில் நிலையான அளவு என்ற ஒன்றே இல்லை.

பழ ஈயில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அதன் சிறகாகப் போகும் திசுவில் நடுப்பகுதியில் டி.பி.பி. என்ற செய்தி பலம், ஓரங்களில் குறைவு. அந்தச் செய்தியைக் கேட்கும் ஏற்பியே இல்லாத செல்களை ஆய்வாளர்கள் இரு இடங்களிலும் உண்டாக்கிப் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்த செவிட்டுச் செல்கள் பிழைத்தன. அங்கே எல்லோருமே செய்தியைக் குறைவாகக் கேட்பவர்கள். நடுவில் இருந்தவை நிலைக்கவில்லை. அவை எப்படி நீங்குகின்றன என்பதை 2005இல் இரண்டு குழுக்கள் 'சயன்ஸ்' இதழில் ஒரே சமயத்தில் எழுதின: சாவதற்கு முன்பே அவை திசுவின் வரிசையிலிருந்து பிதுக்கி வெளியே தள்ளப்படுகின்றன. ஜப்பானின் தகாஷி அதாச்சி-யமாதா இதற்கு முன்பே, சரிவில் திடீர்ப் பள்ளம் விழும் இடத்தில்தான் சாவுக்கான சமிக்ஞை எழுகிறது என்று காட்டியிருந்தார். பள்ளத்தின் இரு கரையிலும் செல்கள் விழுந்து, விளிம்பு மழுங்கி, சரிவு மீண்டும் ஏறக்குறைய சீராகிவிடும்.

இந்தத் துறையின் தொடக்கம் 1975. கீனேஸ் மொராத்தா, பெத்ரோ ரிபோல் என்ற இரண்டு ஸ்பானியர்கள், மினிட் என்ற மரபுமாற்றம் கொண்ட பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இந்த ஈக்களின் செல்கள் மெதுவாக வளரும், அவ்வளவுதான். முழு ஈயும் அப்படிப்பட்ட செல்களால் ஆனால் சற்றுத் தாமதமாகப் பிறந்து, பிழைத்து, முட்டையும் இடும். ஆனால் சாதாரண செல்களுக்கு நடுவே அந்த மெத்தனச் செல்களை விதைத்தால் சில நாள்களில் தடமே இருக்காது. 2004இல் இதன் மறுபுறமும் தெரிந்தது. மிக் என்ற மரபணுவை அதிகமாக இயக்கும் செல்களைச் சாதாரணச் செல்களுக்கு நடுவே வைத்தால், சாவது சாதாரணச் செல்கள்தான்! நல்லதுதான் எப்போதும் வெல்லும் என்று நினைத்தவர்களுக்கு அந்த முடிவு உறைத்திருக்கும். இந்தத் துறையில் வென்ற செல், தோற்ற செல் என்று பேசும் பழக்கம் உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு மனிதக் கூட்டத்துக்கு நீதி சொல்ல யாராவது கிளம்பினால் காதைப் பொத்திக்கொள்வது நல்லது. செல்லுக்கு உரிமை கிடையாது, மனிதருக்கு உண்டு.

பழ ஈ கருவிலேயே பெரிய அளவில் நடந்த ஒரு பரிசோதனை இந்தக் கதைக்கு மிக முக்கியமானது. ஈயின் முட்டையில் தலை எங்கே என்று தீர்மானிப்பது பைகாய்ட் என்ற புரதத்தின் சரிவு. தாய் ஈயிடம் அதற்கான மரபணுவின் இரண்டு நகல் இருக்கும். ஆறு நகல் கொண்ட தாய்கள் இட்ட முட்டைகளை அமெரிக்காவில் ஜோனதன் மிண்டன் குழு ஆராய்ந்தது. முடிவு 1997இல் வெளியானது. புரதம் அதிகமானதால் தலைக்குரிய பகுதி பின்னோக்கி விரிந்துவிட்டது. முட்டையில் வழக்கத்தைவிட அதிக இடத்தைத் தலையும் மார்பும் பிடித்துக்கொண்டன, வயிற்றுப்பகுதி நெருக்கப்பட்டது. இப்படிக் கோணலாகத் தொடங்கிய கருவிலிருந்து பெரும்பாலும் பார்வைக்குச் சாதாரணமான புழுக்கள் வந்தன, ஈக்களாகவும் வளர்ந்தன. இடையில் நடந்தது என்ன? விரிந்த பகுதியில் செல் சாவு வழக்கத்தைவிட அதிகம். நெருக்கப்பட்ட பகுதியில் வழக்கத்தைவிடக் குறைவு. மிகுந்ததைக் கழித்து, குறைந்ததைக் காப்பாற்றி, விகிதம் சரிசெய்யப்பட்டிருக்கிறது. எந்த ஒரு செல்லுக்கும் மொத்த உடலின் விகிதம் தெரியாது.

சாவு ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடக் கூடாது. அது கடைசி வழி என்றே சொல்லலாம். ஜீப்ரா மீனின் தண்டுவடம் உருவாகும்போது ஹெட்ஜ்ஹாக் என்ற இன்னொரு செய்தி கீழிருந்து மேலாகப் பரவி, எந்த நரம்புச் செல் எங்கே என்று வகுக்கிறது. ஹார்வர்டில் ஷான் மெகாசனின் குழு ஒவ்வொரு செல்லையும் விடாமல் பின்தொடர்ந்து பார்த்தது. செய்தி கிடைத்த நேரத்தில் பல்வகைச் செல்களும் ஒன்றோடொன்று கலந்தே கிடந்தன. பிறகு அவை நகர்ந்து, தம் இனத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்து, கத்தரித்த ஓரம்போல எல்லை வகுத்துக்கொண்டன. 2013இல் வந்தது இந்த முடிவு. இனம் இனத்தைச் சேர்வது எப்படி என்பதும் 2020இல் தெரிந்தது. ஒவ்வொரு வகைக்கும் ஒட்டுப் புரதங்களின் கலவை வேறு. தன்னைப் போன்ற கலவை உள்ளதோடு இறுக ஒட்டுவது, இல்லாததை விட்டு நழுவுவது. இங்கேயும் காட்ஹெரின் குடும்பம்தான் வேலை செய்கிறது.

மூன்றாவது வழி குணம் மாறுவது. மீனின் பின்மூளை துண்டு துண்டாக வகுக்கப்பட்டிருக்கும். ஒரு துண்டிலிருந்து ஒரே ஒரு செல்லை எடுத்து வேறு துண்டில் வைத்தால், புதிய இடத்துக்கு ஏற்ற மரபணுக்களை இயக்கத் தொடங்கிவிடும். சேர்ந்தாற்போலச் சில செல்களை எடுத்து வைத்தால் அவை பழைய குணத்தை விடுவதில்லை. தனியாளாக வந்தவர் ஊர் வழக்கத்தோடு ஒன்றிவிடுவதும், கூட்டமாக வந்தவர்கள் தங்கள் பேச்சை விடாமல் வைத்திருப்பதும் மனிதர்களிடமும் நடப்பதுதான் என்றாலும், மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேயும் பொருந்தும்.

எண்ணிக்கைக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்பதை மியூனிக்கில் ஆன்-காத்ரின் கிளாசனின் குழு 2016இல் விளக்கியது. பழ ஈயின் சிறகுத் திசுவில் தவறான குணம் கொண்ட செல்களை வெவ்வேறு அளவுக் கூட்டங்களாக உண்டாக்கினார்கள். மாறுபட்ட செல்களும் சாதாரணச் செல்களும் தொட்டுக்கொள்ளும் எல்லையில், தசையைச் சுருக்கும் அதே புரதங்கள் கூடி ஒரு சுருக்குவளையம் உண்டாகிறது. ஓரிரு செல் மட்டும் என்றால் வளையம் நெரித்து வெளியேற்றிவிடும். நடுத்தரக் கூட்டம் என்றால் திசு உள்ளே குழிந்து, பையாக மூடிக்கொண்டு, கட்டியாகத் தொங்கும். கூட்டம் பெரிதாகிவிட்டால் வளையத்துக்கு எட்டாது; எல்லை மட்டும் வழுவழுப்பாக நேராகும், உள்ளே இருப்பவை அப்படியே இருக்கும். எந்தத் தவறான மரபணுவை இயக்கினார்கள் என்பது இதில் பொருட்டாகவே இல்லை. பிழை இன்னது என்று திசு அறிவதில்லை. வேறுபாடு ஒன்றுதான் அதற்குப் புரியும். ஆகவே ஒரு சிறு பிழை பெருகுவதற்குள் பிடிபட்டால் உண்டு, பெருகிவிட்டால் இல்லை.

ஒரு செல்லை வரிசையிலிருந்து உருவி எடுப்பது சின்ன வேலை அல்ல. சுற்றியிருப்பவற்றோடு ஆறேழு பக்கமும் ஒட்டிக்கொண்டிருப்பது அது. உருவிய இடத்தில் ஓட்டை விழுந்தால் நீர் கசியும், கிருமி நுழையும். அதனால் உருவுவதும் அடைப்பதும் ஒரே அசைவில் நடக்கின்றன. ஜோடி ரோசன்பிளாட் 2001இல் காட்டியபடி, சாகும் செல் தன் சாவை அண்டைச் செல்களுக்கு அறிவிக்கிறது; அவை தம் ஓரத்தில் சுருக்குவளையம் கட்டி, நெருங்கி வந்து, அடியில் ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டே நடுச்செல்லை மேலே தள்ளிவிடுகின்றன. மும்பை டாடா நிறுவனத்தில் மைத்ரேயி நரசிம்ஹா இதன் இன்னொரு முகத்தை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார். பழ ஈ கருவின் முதுகில் ஒரு திறப்பு உண்டு. இருபுறத் தோலும் நெருங்கி வந்து அதை மூடும். அந்தத் திறப்பை மூடியிருக்கும் மெல்லிய தற்காலிகத் திசுவின் செல்களில் பத்தில் ஒன்று போல அவ்வப்போது வரிசையிலிருந்து கழன்று விழும். 2011இல் அவர் குழு, சாவும் கழன்று விழுவதும் முதுகு மூடுவதும் எந்த வரிசையில் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்று பிரித்துக் காட்டியது. 2014இல், செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்டிரியாவிலிருந்து வரும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் அந்த அசைவின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன என்று கண்டது. கழன்று விழும் ஒவ்வொரு செல்லும் அண்டையை உள்ளே இழுக்கிறது. அந்த இழுவையும் முதுகு மூட உதவுகிறது. சாவு இங்கே வீண்போகவில்லை.

கருவில் நடக்கும் எல்லாச் சாவும் பிழை திருத்தம் அல்ல. சில சாவுகள் முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டவை. மண்ணில் வாழும் சி. எலிகன்ஸ் என்ற சிறு புழுவில் உருவாகும் 1,090 உடற்செல்களில் 131 செல்கள் ஒவ்வொரு புழுவிலும் அதே இடத்தில் அதே நேரத்தில் சாகின்றன. இதைக் கண்டறிந்ததற்காக பிரென்னர், ஹார்விட்ஸ், சல்ஸ்டன் மூவருக்கும் 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதக் கருவின் கை முதலில் துடுப்புபோல இருக்கும். விரல்களுக்கு இடையிலுள்ள செல்கள் செத்து உதிர்ந்த பிறகே ஐந்து விரலும் பிரியும். அந்தச் சாவு நடக்காமல் போன குழந்தைகள் ஒட்டிய விரல்களோடு பிறக்கிறார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைத் துறையில் இப்படிப்பட்ட விரல்களைப் பிரித்து, தோல் ஒட்டிச் சரிசெய்கிறார்கள். விரலிடைச் செல்கள் இடம் தவறியவை அல்ல; அவை வந்ததே போவதற்காக.

இடம் தவறிய செல்லுக்கு மனிதரிடத்தில் மிக நெருங்கிய உதாரணம் கருவணுக்கள். பின்னாளில் முட்டையாகவோ விந்தாகவோ ஆகப்போகும் இந்தச் செல்கள், அண்டகமோ விந்தகமோ உருவாகும் இடத்தில் பிறப்பதில்லை. வெகுதூரத்தில் தோன்றி, குடலின் சுவர் வழியாக ஊர்ந்து, முதுகின் நடுக்கோட்டுக்கு வந்து, அங்கிருந்து இடமும் வலமும் பிரிந்து போய்ச் சேர வேண்டும். எல்லாம் ஊர் சேர்வதில்லை. சில நடுவழியிலேயே நின்றுவிடும். எலிக் கருவில் இதை ஆராய்ந்தவர்கள் 2006இல் கண்டது: பயணம் முழுவதும் இந்தச் செல்களை உயிரோடு வைத்திருக்கும் ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுற்றியுள்ள திசு சுரந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலானவை போய்ச் சேர்ந்ததும் நடுக்கோட்டில் அந்தச் சுரப்பு நிற்கிறது. பின்தங்கியவை பட்டினியால் மடிகின்றன. பாக்ஸ் என்ற சாவுப் புரதம் இல்லாத எலிகளில் அவை மடியாமல் நடுவழியிலேயே தங்கிவிடுகின்றன.

பிறந்த குழந்தையின் வால் எலும்பை ஒட்டி அரிதாகக் காணப்படும் ஒரு கட்டிக்கு, இப்படி நடுவழியில் தங்கிய கருவணு காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. கருவின் தொடக்கக் காலத்தில் பின்முனையில் மிஞ்சிப்போன செல்கள்தான் காரணம் என்பது இன்னொன்று. முப்பத்தைந்து முதல் நாற்பதாயிரம் பிறப்புகளில் ஒன்றுக்கு வருவது. பெண் குழந்தைகளுக்கே அதிகம். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை போன்ற இடங்களிலுள்ள குழந்தை அறுவை மருத்துவர்களுக்கு இது தெரிந்த நோய். கட்டிக்குள் முடி, குருத்தெலும்பு, சில சமயம் பல் என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத திசுக்கள் இருக்கும். எந்தக் குணத்தையும் எடுக்கக்கூடிய செல் ஒன்று, எந்த இடத்தின் கட்டளையும் எட்டாமல் தன் போக்கில் வளர்ந்ததன் விளைவு அது. கட்டியை எடுக்கும்போது வால் எலும்பையும் சேர்த்தே எடுத்துவிட வேண்டும். விட்டால் கட்டி திரும்ப வரும் ஆபத்து அதிகம்.

சென்னையில் இந்தக் கதைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1990இல் தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை மருத்துவர் கமலா செல்வராஜின் சிகிச்சையில் இங்கே பிறந்தது. இன்று நகரின் எல்லாப் பக்கமும் கருத்தரிப்பு மையங்கள் இருக்கின்றன. கருவைக் கருப்பையில் வைக்கும் முன் சில செல்களை எடுத்துக் குரோமோசோம் எண்ணிக்கை பார்க்கும் சோதனை பரவியிருக்கிறது. சில செல்கள் சரி, சில செல்கள் தப்பு என்று கலப்பாக அறிக்கை வந்தால் அந்தக் கருவை என்ன செய்வது என்று தம்பதிகள் தவிப்பதுண்டு.

கேம்பிரிட்ஜில் மாக்தலீனா ஜெர்னிக்கா-கோட்ஸ் தமது 44ஆம் வயதில் கருவுற்றிருந்தபோது நஞ்சுக்கொடிச் சோதனையில் நாலில் ஒரு பங்கு செல்கள் பிழை என்று வந்தது. அவருடைய மகன் ஆரோக்கியமாகப் பிறந்தான். அந்த அனுபவமும் தூண்ட, எலிக் கருக்களில் அவர் நடத்திய ஆய்வு 2016இல் வெளியானது. கருவின் உள்ளே குழந்தையாகப் போகும் பகுதியில் குரோமோசோம் பிழையுள்ள செல்கள் செத்து மறைந்தன. வெளியே நஞ்சாகப் போகும் பகுதியில் அவை சாகவில்லை, மெதுவாகப் பிரிந்துகொண்டு நீடித்தன. பாதிச் செல்கள் சரியாக இருந்த கருக்கள் சாதாரணக் கருக்களைப் போலவே வளர்ந்தன. முக்கால் பங்கு பிழை என்றபோது தேறியவை குறைந்தன. கருத்தரிப்பு மையங்கள் சோதனைக்குச் செல் எடுப்பது வெளிப்பகுதியிலிருந்து. பிழை நீங்காமல் தங்கும் பகுதியும் அதுதான். இத்தாலியில் எர்மன்னோ கிரேகோ குழு, கலப்பு என்று அறிக்கை வந்த கருக்களை 18 பெண்களுக்கு வைத்துப் பார்த்ததில் 6 ஆரோக்கியமான குழந்தைகள் பிறந்தன. 2015இல் வெளியான முடிவு. எண்ணிக்கை சிறிதுதான். ஆனாலும் ஐந்தாறு செல்களின் அறிக்கையை மட்டும் வைத்து ஒரு கருவைக் கழித்துக்கட்டுவது அவசரம் என்பதற்கு இது போதும்.

பிறந்து வளர்ந்த பிறகும் இந்த அண்டைக் கண்காணிப்பு நிற்பதில்லை. குடல், நுரையீரல், தோல் என்று எங்கும் ஏதாவது ஒரு செல்லில் புற்றுநோய்க்கான முதல் மரபுப் பிழை விழுந்துகொண்டேயிருக்கும். 2009இல் யசுயுகி ஃபுஜிதாவின் குழு, ராஸ் என்ற மரபணுவில் பிழையுள்ள தனிச் செல்லைச் சாதாரணச் செல்கள் சுற்றி வளைத்து மேலே உந்தித் தள்ளுவதைக் கண்ணாடித் தட்டில் படம் பிடித்தது. கருவில் பார்த்த அதே நெரிப்பு. பிறகு ஹைதராபாதிலுள்ள டாடா நிறுவனக் கிளையில் தமால் தாஸின் குழு ஒரு எளிய கேள்வியைக் கேட்டிருக்கிறது: செல்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கின்றன? இயல்பான திசுவைப் போன்ற மெத்தென்ற கூழ்ப்பரப்பில் ராஸ் பிழைச் செல்கள் வெளியேற்றப்பட்டன. நார் படிந்து இறுகிய திசுவைப் போன்ற விறைத்த பரப்பில் வைத்தபோது வெளியேற்றப்படவில்லை. ஃபிலமின் என்ற புரதம், மெத்தென்ற பரப்பில் பிழைச்செல்லைத் தொடும் விளிம்புக்குப் போய் நெரிப்புக்குத் தயாராகிறது; விறைத்த பரப்பில் அது செல்லின் உட்கருவைச் சுற்றியே தங்கிவிடுகிறது, விளிம்புக்கு வருவதில்லை. 2022இல் வெளியான இந்த ஆய்வில் செல்களும் அவையே, பிழையும் அதுவே, அண்டையும் அதுவே. மாற்றியது அடியிலிருந்த கூழின் விறைப்பை மட்டும்தான்.